துணியைச் சுற்றித் திறந்த ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜ் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளும் தம்பிகளே, தங்கைகளே, கூலிங் இல்லை என்று கூப்பிட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நேராக ஃபிரிட்ஜின் பின்பக்கம் போகும். வேலையில் இருந்த காலமெல்லாம் என் கையும் அப்படித்தான் போனது. அதில் தவறொன்றும் இல்லை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரத்து வீடுகளில், பின்பக்கக் கம்பிச் சுருளில் வெள்ளைத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். துடைத்துவிட்டாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும். பெரம்பலூர்ப் பக்கம் போனால் ஃபிரிட்ஜைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்து, அதன் தலைமேல் சின்ன வெங்காய மூட்டையையும் ஏற்றி வைத்திருப்பார்கள். உறைந்த ஐஸைக் கத்தியால் குத்திக் குழாயைப் பொத்தலாக்கிவிட்டு, "தானா நின்னுபோச்சு சார்" என்று அப்பாவியாக முகத்தை வைத்துக்கொள்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இதையெல்லாம் கடையிலேயே உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

நான் சொல்ல நினைப்பது மீன்சுருட்டியில் ஒரு வீட்டில் நடந்தது. ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு. இந்தத் தொழிலில் எது முக்கியம் என்று யாராவது என்னைக் கேட்டால் எனக்கு அந்த வீட்டுச் சமையலறைதான் ஞாபகம் வருகிறது.

என் குடும்பம் பெரம்பலூரில், வேலை அரியலூரில். எங்கள் சர்வீஸ் கடையில் அன்று காலை போனை எடுத்தவர் முதலாளி. பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மீன்சுருட்டியில ஒரு வூடு. ஏற்கெனவே ரெண்டு தடவை ஆள் போய்ட்டு வந்தாச்சு. மெஷின்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அந்தம்மா விடமாட்டேங்குது. நாளைக்கு வூட்ல விசேஷமாம். நீங்களே போய் ஒரு முடிவு சொல்லிட்டு வந்துடுங்க."

முன்பு போய்வந்த இருவரும் நல்ல வேலைக்காரர்கள். அவர்கள் எதையும் கோட்டை விடவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்கள் போன நேரத்தில் அங்கே பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பஸ் பிடித்து ஜெயங்கொண்டத்தில் மாறி மீன்சுருட்டியில் இறங்கினேன். வீட்டு வாசலில் பந்தல்காரர்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பேத்திக்குக் காதுகுத்து. விவசாயக் குடும்பம். என்னை எதிர்கொண்ட செல்லம்மாதான் போன் செய்தவர். குதிகால் வலிக்காக ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மெத்தென்ற ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடந்தார்.

"வாங்க தம்பி. நாளைக்கு எங்க சம்பந்தி வூட்டு ஆளுங்கல்லாம் பெரம்பலூர்ப் பக்கத்துலேருந்து வேன் புடிச்சு வராங்க. அவங்க சீரா குடுத்த ஃபிரிட்ஜு இது. வந்த நாள்லேருந்து பால் நிக்கல, மாவு நிக்கல. ஐஸு மட்டும் மலை மாதிரி கட்டுது. கெட்டுப்போன மெஷினுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. நாளைக்கு அவுங்க வரப்ப நான் பேசிக்கறேன்."

பழுது பார்க்கத்தான் வந்திருந்தேன். அந்த அம்மாவோ ஒரு தீர்ப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தார். நான் சொல்லப்போகும் வார்த்தையை வைத்து நாளை நூறு பேருக்கு நடுவில் ஒரு பெண்ணைப் பெற்றவர் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெண் சமையலறையில் இருந்தாள். பெயர் கவிதா. இடுப்பில் குழந்தை யாழினி. கையை ஊன்றி எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்த வயது அதற்கு. கவிதாவின் கணவன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாகவும் விசேஷத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றும் செல்லம்மாவே சொன்னார். கவிதா என்னைப் பார்த்து, "வாங்கண்ணா" என்று சொன்னதோடு சரி. வெளுத்துப்போன நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள். அப்போதுதான் பாத்திரம் கழுவி முடித்திருப்பாள் போலிருந்தது. தரை முழுக்க ஈரம், அவள் கால்களும் ஈரம்.

ஃபிரிட்ஜின் முன்னால் ஒரு நெல் மூட்டை கிடந்தது. கதவைத் திறக்கவே அதைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும்.

"இது எதுக்கும்மா இங்க?" என்றேன்.

"அதத்தான் தம்பி நானும் கேக்குறேன்," என்றார் செல்லம்மா. "குதிர்ல கொட்டச் சொன்னா இங்க கொண்டாந்து போட்டு வெச்சிருக்கா. நகத்தினா மறுபடி இழுத்துப் போட்டுக்கறா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டா."

மூட்டையை நகர்த்திவிட்டு வழக்கமான பரிசோதனைகளை முடித்தேன். மெஷின் அருமையாக ஓடியது. கேஸ் குறையவில்லை. கதவின் ரப்பர் புத்தம் புதிதாக இருந்தது. இடையில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் கெட்டியாகப் பிடித்தது. ஆனால் ஃப்ரீசரில் ஐஸ் நாலு விரல் கனத்துக்குக் கட்டியிருந்தது. இப்படிக் கட்டுவதற்குக் கதவு நாள் பூராவும் கொஞ்சம் திறந்தே கிடந்திருக்க வேண்டும்.

இங்கே நான் நின்று யோசித்தேன். "கதவை ஒழுங்கா மூடுறதில்லை, அதான் காரணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் நான் அதைச் சொன்ன நொடியில் செல்லம்மாவின் பார்வை எந்தப் பக்கம் திரும்பும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"யாரும்மா இத அதிகமாத் தொறந்து மூடுறது?"

"நான் எங்க சமையக்கட்டுப் பக்கம் வரேன், இந்தக் காலை வெச்சுக்கிட்டு? எல்லாம் அவதான்."

"கவிதா, வழக்கமா நீ எப்படித் தொறப்பியோ அப்படி ஒரு தடவை தொறந்து மூடும்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் குழந்தையை மாமியாரிடம் கொடுத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அந்தக் கையால் கதவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பால் சட்டியை எடுப்பதுபோல எடுத்துக் காட்டிவிட்டு, முழங்கையைத் துண்டால் மறைத்து, கதவை லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சட்டென்று பின்வாங்கினாள். கதவு போய் ரப்பரில் மோதியது. ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றுகொண்டது.

"பாத்தீங்களா தம்பி!" என்றார் செல்லம்மா. "கை அழுக்காயிடுமாம் மகாராணிக்கு."

கவிதா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் பின்வாங்கிய விதம் என் மனதில் தைத்திருந்தது. அழுக்குக்கு யாரும் அப்படிப் பின்வாங்க மாட்டார்கள். சூடான தோசைக்கல்லிடமிருந்துதான் அப்படி விலகுவார்கள்.

சில கேள்விகளை எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. நம்மை அழைத்தவர் ஒருவராக இருப்பார், தினமும் அந்த மெஷினோடு மல்லுக்கட்டுபவர் வேறொருவராக இருப்பார். செல்லம்மாவிடம், "அம்மா, வெயில்ல வந்தது தலையக் கிறுகிறுங்குது. கொஞ்சம் மோர் கிடைக்குமா? பந்தக்காரங்களுக்கும் சேத்துக் கொண்டாந்தீங்கன்னா புண்ணியமாப் போவும்," என்றேன். அவர் குழந்தையோடு பின்கட்டுக்குப் போனார்.

"என்னம்மா, ஷாக் அடிக்குதா?" என்றேன் தாழ்ந்த குரலில்.

அவள் தலையைத் தூக்கினாள். உடனே கண் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"புடிக்குதுண்ணா. மொதல்ல எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இப்பல்லாம் தோள் வரைக்கும் சுர்ருன்னு இழுக்குது. வந்த புதுசுல அத்தகிட்ட சொன்னேன். அவுங்க வந்து தொட்டுப் பாத்தாங்க, ஒண்ணுமே ஆவல. 'உங்க வூட்டுப் பொட்டி உன்னைய மட்டும் கடிக்குதா'ன்னு சிரிச்சாங்க. அவருகிட்ட போன்ல சொன்னேன். அம்மாகூட வம்பு பண்ணாதன்னாரு. அப்புறம் நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா எங்கப்பா குடுத்த சாமான்தானே கெட்டதுன்னு ஆவும்?"

"மூட்டை?"

"பாப்பா எதையாச்சும் புடிச்சு எந்திரிக்கப் பாக்குதுண்ணா. நேரா இதுகிட்டத்தான் வருது."

நான் டெஸ்டரை எடுத்துக் கதவின் துருப்பிடித்த ஓரத்தில் வைத்தேன். விளக்கு எரியவில்லை. புறங்கையால் தொட்டேன். ஒன்றும் இல்லை. ஃப்ரீசரின் உள்பக்கம், பின்பக்கம், எங்கும் இல்லை. கவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் ஏற்கெனவே வந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிப் போன மெஷின். மாமியார் தொட்டபோதும் ஒன்றும் இல்லை. இப்போது எனக்கும் ஒன்றும் இல்லை. அவளுடைய முகத்தில், "நீங்களுமா?" என்பது எழுதி ஒட்டியது போலத் தெரிந்தது.

தம்பிகளே, தங்கைகளே, நம் கருவி ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது எதிரில் இருப்பவரைச் சந்தேகப்படுவது ரொம்பச் சுலபம். கருவிக்குத் தெரிந்தது அந்த நொடி மட்டும்தான். அவளோ இந்தச் சமையலறையில் முழு நாளையும் கழிப்பவள். "புடிக்குதா" என்ற கேள்வியை விட்டுவிட்டு "எப்போது" என்று கேட்டேன்.

"எப்பவும் இல்லண்ணா. காலைலதான். சில நாள் சாயங்காலமும்."

"காலைல அந்த நேரத்துல வூட்ல என்னென்ன நடக்கும்? ஒண்ணு வுடாமச் சொல்லு."

"மாமா எந்திரிச்சு மோட்டாரப் போட்டுட்டு வயலுக்குப் போவாரு. தொட்டி ரொம்புற வரைக்கும் ஓடும். நான் பாத்திரம் தேய்ச்சுட்டு, அப்படியே வந்து பால எடுப்பேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். என் முகம் மாறியதைப் பார்த்திருப்பாள்.

அவளுடைய மாமனார் கோவிந்தன் வாசலில் பந்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்ற மனிதர், அதிகம் பேசாதவர். போய், "ஐயா, மோட்டாரக் கொஞ்சம் போடுறீங்களா?" என்றேன்.

"ஃபிரிட்ஜ் பாக்க வந்த ஆளுக்கு மோட்டாரு எதுக்கு?"

"போடுங்க ஐயா, சொல்றேன்."

"எப்படியும் தொட்டிய ரொப்பணும்," என்று முணுமுணுத்தபடி கிணற்றுப் பக்கம் போனார். நான் சமையலறைக்குத் திரும்பி, காலுக்கடியில் உலர்ந்த சாக்கை மடித்துப் போட்டு நின்றுகொண்டு, டெஸ்டரைக் கதவோரத்தில் வைத்துக் காத்திருந்தேன். மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. டெஸ்டரில் இருந்த சின்ன விளக்கு குப்பென்று சிவந்தது.

அதே சமயத்தில்தான் செல்லம்மா மோரோடு உள்ளே வந்து, சொம்பை மேடையில் வைப்பதற்காகக் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டார். குழந்தை ஈரத்தில் தப் தப்பென்று கையை அடித்துக்கொண்டு நேராக ஃபிரிட்ஜை நோக்கித் தவழ்ந்தது. வழியில் மூட்டை இல்லை.

"தொடாத!"

கவிதா போட்ட சத்தத்தில் வாசலில் கம்பு தட்டும் ஓசை நின்றுபோனது. அவள் பாய்ந்து குழந்தையை வாரிச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். நான் கூடத்துக்கு ஓடி மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. மோட்டார் சத்தம் அடங்கியது. குழந்தை மட்டும் பயந்துபோய் வீறிட்டு அழுதது. அந்த வீட்டில் கவிதா குரல் உயர்த்திப் பேசி யாரும் அதுவரை கேட்டதில்லை என்று செல்லம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

கோவிந்தன் வேகமாக உள்ளே வந்தார். "யாரு மெயின நிறுத்துனது?"

"நான்தான் ஐயா."

விஷயத்தை எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன். ஃபிரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. மோட்டாருக்குள் எங்கோ கரண்ட் கசிகிறது. அப்படிக் கசிவதை மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் எர்த் ஒயர் இருக்கிறது. இந்த வீட்டில் அந்த ஒயர் மண்ணுக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. மோட்டாரும் ஃபிரிட்ஜும் அதே ஒயரில்தான் கட்டுப்பட்டிருக்கின்றன. அதனால் மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்தக் கசிவு மண்ணுக்குப் போக வழியில்லாமல் ஃபிரிட்ஜின் உடம்புக்கு வந்துவிடுகிறது. அம்மா ரப்பர் செருப்போடு தொட்டதால் அவருக்குத் தெரியவில்லை. இந்தப் பெண் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று தொட்டதால் தினமும் ஷாக் வாங்கியிருக்கிறாள்.

கோவிந்தன்தான் முதலில் பேசினார்.

"சரி, மோட்டார நிறுத்திட்டோம்ல. மெயினப் போட்டு வுடு. சமையக்காரரு வந்துட்டாரு, மாவு அரைக்கணும். பந்தலுக்கு லைட்டு கட்டணும். மத்ததெல்லாம் விசேஷம் முடிஞ்சு பாத்துக்கலாம்."

பந்தல் வேலைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உதவிக்கு வந்தார். "இதுக்கு எதுக்கு இவ்ளோ ரோதனை? பிளக்குல அந்த மூணாவது பின்ன ஒடிச்சு வுட்டா புடிக்காது. எங்க வூட்ல அப்படித்தான் பண்ணி வெச்சிருக்கோம்."

நீங்கள் பல வீடுகளில் இதைக் கேட்பீர்கள். அவர் சொன்னது வேலை செய்யும் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. எர்த் ஒயரோடு சேர்க்கும் அந்தப் பின்னை ஒடித்தால் இன்றைக்கு ஷாக் நின்றுவிடும், எல்லோருக்கும் திருப்தி. என்றைக்காவது அந்த ஃபிரிட்ஜிலேயே கசிவு வந்தால் அதைத் தடுக்க எதுவுமே இருக்காது. கசிவு இருக்கிறது என்று சொன்ன ஒரே அடையாளத்தையும் நாமே வாயடைத்துவிட்டுப் போகிறோம்.

"பின்ன ஒடிக்க மாட்டேன். மெயினையும் இப்பப் போட மாட்டேன் ஐயா," என்றேன். "நாளைக்கு வாடகை கிரைண்டர் வரும், பந்தல் லைட்டு வரும், எல்லாம் இதே ஒயர்லதான் நிக்கும். தரையெல்லாம் தண்ணியா இருக்கும். வூடு பூரா புள்ளைங்க ஓடும். எர்த்த சரி பண்ணிட்டுப் போட்டுக்கலாம்."

"என் வூட்டு லைன நிறுத்த நீ யாருய்யா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் யார்? ஃபிரிட்ஜ் பார்க்க வந்தவன். ஒயரிங் என் வேலை இல்லை. அதே நேரம் பார்த்து முதலாளி போனில் கூப்பிட்டார். ஜெயங்கொண்டத்தில் இன்னும் இரண்டு வீடுகள் காத்திருக்கின்றன, எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபக்கார வாடிக்கையாளர் ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். என் கை மட்டும் மெயின் சுவிட்சை விட்டு நகரவில்லை.

நடந்ததை முதலாளியிடம் சுருக்கமாகச் சொன்னேன். "புள்ள இருக்குற வூடா?" என்றார்.

"ஆமா சார்."

"அங்கயே இருங்க. எலக்ட்ரீஷியன் வந்து முடிக்கிற வரைக்கும் கெளம்பாதீங்க. ஜெயங்கொண்டம் வூடுங்களுக்கு நான் பேசிக்கறேன்."

இத்தனை வருடங்களில் அவர் எனக்குச் செய்த உதவிகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். முடிவெடுத்தது நான் என்றாலும், அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அங்கே நின்றிருக்க எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. நீங்களும் ஒருநாள் கடை வைப்பீர்கள். உங்கள் ஆள் அப்படி ஒரு இடத்திலிருந்து பேசினால் என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

கோவிந்தனை மாற்றியது என் பேச்சில்லை. செல்லம்மா குழந்தையை வாங்கிக்கொள்ளக் கவிதாவிடம் போனார். கவிதா கொடுக்கவில்லை. இன்னும் சுவரோடுதான் நின்றுகொண்டிருந்தாள். செல்லம்மா அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. இருந்தும் வெகுநேரம் பார்த்தார்.

"தெனமுமா?" என்றார்.

கவிதா தலையை அசைத்தாள்.

செல்லம்மா கணவன் பக்கம் திரும்பினார். "நீங்க சும்மா இருங்க. கரண்டு இல்லாமக் கெடந்தா கெடக்கட்டும். போயி ஆளக் கூட்டியாங்க."

கோவிந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

எலக்ட்ரீஷியன் ஜெயங்கொண்டத்திலிருந்து வருவதற்குள் வீடே அல்லோலகல்லோலப்பட்டது. பின்னை ஒடிக்கச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரரே தன் மோட்டாரிலிருந்து நீளக் குழாய் இழுத்துத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தார். சமையல்காரர் மாவை அந்தப் பக்கத்து வீட்டிலேயே கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வந்தார். முகம் சுளித்தவர்களும் கடைசியில் ஏதாவது ஒரு குடத்தைத் தூக்கத்தான் செய்தார்கள்.

எலக்ட்ரீஷியன் எர்த் குழியிலிருந்து தடம் பிடித்துக்கொண்டே போய், புதுக் குளியலறைச் சுவரோரம் தோண்டினார். அங்கே ஒயர் இரண்டாக அறுந்து கிடந்தது. கடைக்கால் தோண்டிய மண்வெட்டி பட்டிருக்கிறது.

"இது எப்ப கட்டுனது?" என்று கேட்டார்.

கோவிந்தன் அந்த ஒயரின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி," என்றார். "டவுன்ல படிச்ச புள்ள வருது, கொல்லைப்பக்கம் போகச் சொல்லக் கூடாதுன்னு, அவசர அவசரமாக் கட்டுனேன்."

மருமகளின் சௌகரியத்துக்காக அவர் ஆசையாகக் கட்டிய சுவர்தான் அவளைத் தினமும் அடித்திருக்கிறது. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். யாருடைய மெஷின் மேல் தப்பு, யாருடைய வீட்டின் மேல் தப்பு என்று காலையிலிருந்து ஓடிய பேச்சு அந்தக் குழியோடு நின்றுபோனது.

புது ஒயர் போட்டு, மோட்டாரையும் கழற்றி ஓரமாக வைத்த பிறகு மெயினை ஏற்றினோம். என் வேலை முடிந்துவிட்டது. பையை எடுத்தபோது கவிதா அருகில் வந்தாள்.

"அண்ணா, வேற எதுலயும் இருக்காதுல்ல?"

இருக்காது என்று சொன்னால் போதும்தான். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயந்து பயந்து தொட்டுக்கொண்டிருந்த கைக்கு ஒரு வார்த்தை போதாது. பையைக் கீழே வைத்தேன். மிக்ஸியைத் தொட்டேன், அவள் தொட்டாள். கிரைண்டரை, இரும்பு பீரோவை, துணி காயும் கம்பியை, குளியலறைக் குழாயை, கிணற்றடியில் இருந்த இரும்புச் சட்டத்தை என்று வீடு முழுக்கச் சுற்றினோம். ஒவ்வொன்றையும் நான் தொட்ட பிறகு அவள் முதலில் விரல் நுனியாலும், பிறகு புறங்கையாலும், கடைசியில் உள்ளங்கையாலும் தொட்டுப் பார்த்தாள். கடைசியாக ஃபிரிட்ஜுக்கு வந்தோம். துண்டைத் தோளிலேயே விட்டுவிட்டு வெறுங்கையால் திறந்தாள். உள்ளிருந்து வந்த குளிர் முகத்தில் பட, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அழுத்தி மூடினாள். கதவு பொத்தென்று ஒட்டிக்கொண்டது.

இதற்கெல்லாம் வேலைச் சீட்டில் இடம் கிடையாது. எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். பழுதை நீக்குவது ஒரு வேலை, பயத்தை நீக்குவது வேறொரு வேலை. இரண்டாவதற்கு நேரம் ஒதுக்காமல் கிளம்பினால், நாம் போன பிறகும் அந்தத் துண்டு அவள் கையைச் சுற்றித்தான் இருக்கும்.

நான் விடைபெறும்போது செல்லம்மாவின் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து மகன். விசேஷ ஏற்பாடெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டிருப்பான். செல்லம்மா வாசல் பந்தலுக்கடியில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும் குரலில் பேசினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. அந்தப் புள்ள கரண்டு புடிக்குதுன்னு உங்கிட்ட சொல்லிச்சா இல்லையா?... சொல்லிச்சுல்ல? என்கிட்டயும்தான் சொல்லிச்சு. நான் சிரிச்சேன், நீ வாய மூடுன்ன. நெசம்டா அது. நம்ம வூட்டுக் கோளாறுடா... நாளைக்கு அவுங்க அப்பா வந்தா நானே சொல்லிக்கறேன், நீ ஒண்ணும் பேச வேணாம். இந்தா, அவகிட்ட பேசு மொதல்ல."

உள்ளே வந்து போனைக் கவிதாவிடம் நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்வதற்கு ஒரு வருடத்துப் பேச்சு இருந்தது அவளிடம். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டாள்.

"சாப்பிட்டீங்களா?"